தைக்காடு முதல் சிறு மாத்திரை வரை

திருவனந்தபுரத்தில் தம்பானூர் புகைவண்டி நிலையத்தில் இறங்கிச் சிறிது தொலைவு சென்றால் தைக்காடு என்னும் பகுதியை அடையலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை ஒன்று அங்கே நெடுங்காலமாகப் பணிபுரிந்து வருகிறது. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது புதிய பெயரன்று. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ்த் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை இந்நகரத்து ஆட்சியின்கீழ் இருந்தவை. ஆகவே தைக்காட்டின் வரலாறு ஒரு வகையில் நம்முடைய வரலாறும் ஆகும்.

அந்த மருத்துவமனையை முன்னிறுத்தி, தாய்மாரின் உயிரைக் கவரும் ஒரு நோயின் கதையையும் அதனைத் தடுக்க வந்த ஒரு சிறு மாத்திரையின் கதையையும் இங்கே சொல்ல விழைகிறோம். பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்க்கு இக்கதையில் தனிப்பட்டதோர் அக்கறை உண்டு. அது யாதென்பதை இறுதியில் கூறுவோம்.

கருவுற்ற பெண்ணுக்கு ஐந்தாம் திங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் உயர்வதுண்டு. அத்துடன் சிறுநீரில் புரதம் கழிதலும், கல்லீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகள் தாக்குறுதலும் சேருமாயின் அதனைப் பிரீ-எக்லாம்சியா என்பர் மருத்துவர். முன்வலிப்பு நிலை என்று நாம் அதனைக் குறிப்போம். கவனியாது விட்டால் அது முற்றிக் கை கால்கள் வெட்டியிழுத்து நினைவு தப்பும் பேறுகால வலிப்பாக மாறக்கூடும். எக்லாம்சியா என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மின்னல்போலத் திடீரெனத் தோன்றுதல் என்பது பொருள். உலகில் நூறு கருப்பங்களில் இரண்டு முதல் எட்டு வரை முன்வலிப்பு நிலைக்கு ஆளாகின்றன. தாய்க்கு மட்டுமன்றி வயிற்றிலுள்ள குழந்தைக்கும் இதனால் கேடு உண்டு; வளர்ச்சி குன்றலாம், உரிய காலத்துக்கு முன்னரே பிறக்க நேரலாம்.

நம் முன்னோர் இந்நோயைக் கண்டிராதவர் அல்லர். பெயர்தான் வேறாக இருந்தது. நிறைமாதப் பெண் ஒருத்தி திடீரென வலிப்புற்று வீழ்ந்தால், காத்துக் கருப்பு அடித்தது என்றனர்; வேப்பிலையும் திருநீறும் கொண்டு மந்திரித்தனர். அவர்களை நகைப்பது தகாது. அதே காலத்தில் மேலை நாட்டு மருத்துவரும் இருட்டில்தான் தடவிக்கொண்டிருந்தனர். இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் லீவர் என்பார், வலிப்புற்ற தாய்மாரின் சிறுநீரில் புரதம் இருப்பதை 1843இல் கண்டறிந்தார். 1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி, கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை அமைத்தார். 1905இல் இரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், அப்பட்டையின் கீழ்ச் செவிக்குழாய் வைத்து ஒலி கேட்டு அளக்கும் முறையைக் கூறினார். மின்னல் அடிக்கும் முன்னரே மேகம் திரள்வதைக் காண்பதற்கு வழி இவ்வாறு பிறந்தது. வலிப்பு வருமுன் அழுத்தம் உயர்கிறது, உயர்வதை அளந்தறியலாம். ஆனால் அளப்பதற்குத் தாய் மருத்துவரிடம் வந்தாக வேண்டுமே!

அவளை வரச்செய்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார். 1886இல் பிறந்தவர். இவருடைய தந்தையார் புன்னன் திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரிகளுள் ஒருவர். திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் அறிவியல் பயில மேரி விரும்பியபோது, பெண் என்னும் காரணத்தால் இடம் மறுக்கப்பட்டது. வரலாறு பயின்று 1909இல் பட்டம் பெற்றார். பின்னர்க் கடல் கடந்து இலண்டனில் மருத்துவப் பட்டமும், டப்ளின் நகரத்து ரொட்டண்டா மருத்துவமனையில் மகப்பேற்றுப் பயிற்சியும் பெற்றார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916ஆம் ஆண்டில் தாயகம் திரும்பித் தைக்காட்டு மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார்.

கட்டடமும் கட்டிலும் இருந்தன. ஆனால் பெண்கள் மருத்துவமனைக்கு வரத் தயங்கினர். வீட்டில் மருத்துவச்சி கையால் பிள்ளை பெறுவதே வழக்கம். மருத்துவமனை சாகப் போகும் இடம் என்னும் அச்சம் பரவலாக இருந்தது. அம்மையார் மருத்துவச்சிகளைப் பகைக்கவில்லை. அவர்களுடைய பெண்மக்களையே அழைத்து மகப்பேற்றுப் பயிற்சி அளித்தார். ஊரார் நம்பிய குடும்பத்துப் பெண்ணே பயிற்சி பெற்றவளாகத் திரும்பியபோது, அவள் சொல்லுக்கு மதிப்பிருந்தது. தம் முதற்குழந்தையையும் அம்மருத்துவமனையிலேயே பெற்றெடுத்து, அச்சத்துக்கு இடமில்லை என்பதை ஊரறியச் செய்தார் என்று கூறுவர். கேரளத்தின் முதல் சிசேரியன் அறுவையை 1920இல் அவர் செய்ததாகக் குறிப்புண்டு. 1922இல் திருவிதாங்கூர்ச் சட்டசபையில் நியமன உறுப்பினரானார். 1938இல் அரசின் சர்ஜன் ஜெனரல் பதவி அவரை அடைந்தது. அமெரிக்க ஐக்கிய நாடு தன் முதற் பெண் சர்ஜன் ஜெனரலைக் கண்டது 1990இல்தான் என்பதை எண்ணும்போது இதன் சிறப்பு விளங்கும். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை எழுந்ததும் அவர் முயற்சியால் என்பதை நாஞ்சில் நாட்டார் நன்றியுடன் நினைவுகூர்வர். 1975இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1976இல் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

அம்மையார் பணியாற்றிய காலத்தில் வலிப்பைத் தடுப்பதில் சிறந்த மருந்து எது என்பது உறுதிப்படவில்லை. எனினும் மருந்துக்கு முன் வேண்டுவது நம்பிக்கை என்பதை அவர் உணர்ந்திருந்தார். பின்னாளில் வந்த மருந்துகள் யாவும் அவர் திறந்த வாயில் வழியாகத்தான் தாய்மாரைச் சென்றடைந்தன.

திருவனந்தபுரத்து மருத்துவக் கல்லூரியை 1951 நவம்பர் 27ஆம் நாள் பிரதமர் நேரு திறந்து வைத்தார். மறு ஆண்டில், இளமையிலேயே மறைந்த அரச குடும்பத்துச் சிறுவன் அவிட்டம் திருநாளின் நினைவாகத் தாய்க்கும் சேய்க்குமான மருத்துவமனை அக்கல்லூரி வளாகத்தில் எழுந்தது. மக்கள் அதனை எஸ். ஏ. டி. என்று சுருக்கி அழைப்பர். எல்லை தாண்டிக் குமரி மாவட்டத்திலிருந்தும் கடினமான பேறுகளுக்கு அதனை நாடி வருவோர் உண்டு.

இதே வேளையில் சென்னை எழும்பூரிலும் பெரும்பணி நடந்தது. அங்குள்ள அரசு மகளிர் மருத்துவமனை 1844இல் தோன்றியது. அதன் முதல் இந்தியக் கண்காணிப்பாளரான டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் எழுதிய மகப்பேற்று மருத்துவ நூல் நாடெங்கும் மாணவர் கைகளில் தவழ்ந்தது. அந்நூலின் பிற்பதிப்புகளில் அவருடன் இணைந்தவர் டாக்டர் எம். கே. கிருஷ்ண மேனன். இவர் அரசியல் தலைவரான வி. கே. கிருஷ்ண மேனன் அல்லர். வலிப்புற்ற தாயை அமைதிப்படுத்தும் மூன்று மருந்துகளின் கூட்டுமுறை ஒன்றை எழும்பூரில் கையாண்டு, அதன் பயனை 1961இல் பிரிட்டிஷ் மகப்பேற்று இதழில் வெளியிட்டார். மேனன் முறை என்னும் பெயரால் அது இந்திய மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் வழங்கியது.

அறிவியலில் நேற்றைய சிறப்பு இன்றைய படிக்கட்டாகிறது. மக்னீசியம் சல்பேட் என்னும் எளிய உப்பே வலிப்பை அடக்குவதில் சிறந்தது என்பதை, இந்தியாவும் பங்குகொண்ட பன்னாட்டு ஆய்வு ஒன்று 1995இல் நிறுவியது. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த மற்றோர் ஆய்வு, வலிப்பு வருமுன்னரே அவ்வுப்பைக் கொடுத்தால் வலிப்பு நேரும் வாய்ப்புப் பாதிக்கும் கீழாகக் குறையும் என்று 2002இல் காட்டியது.

இவையெல்லாம் நோய் தோன்றிய பின் செய்யும் பணிகள். தோன்றாமலே தடுக்க இயலுமா? நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கரு வளரத் தொடங்கும் முதல் நான்கைந்து திங்களில், கருப்பையின் சிறு இரத்தக் குழாய்கள் அகன்று, குழந்தைக்கு வேண்டிய இரத்தம் தாராளமாகப் பாய வழிவிடுதல் வேண்டும். வாய்க்கால் தூர்ந்திருந்தால் வயல் வாடுவதுபோல, அக்குழாய்கள் அகலாவிடின் நஞ்சுக்கொடி வாடுகிறது. வாடிய நஞ்சுக்கொடியிலிருந்து வெளிப்படும் பொருள்கள் தாயின் உடலெங்கும் பரவி இரத்தக் குழாய்களைத் தாக்குகின்றன. அழுத்தம் உயர்வது எட்டாம் திங்களாயினும், கேட்டின் விதை மூன்றாம் நான்காம் திங்களிலேயே ஊன்றப்பட்டுவிடுகிறது. இவ்வுண்மையை மனத்திற் கொள்க. பின்வருவன யாவும் இதனைச் சார்ந்தவை.

இங்கேதான் ஆஸ்பிரின் நம் கதைக்குள் நுழைகிறது. வில்லோ மரப்பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்று ஆங்கிலப் பாதிரியார் எட்வர்டு ஸ்டோன் 1763இல் அறிவித்தார். நம் ஆற்றங்கரைகளில் காணும் ஆற்றுப்பாலை அம்மர இனத்தைச் சேர்ந்தது. அப்பட்டையின் சாரத்தோடு உறவுடைய ஒரு பொருளை ஜெர்மானிய பேயர் நிறுவனத்தில் 1897இல் தூய வடிவில் ஆக்கினர். 1899இல் அதற்கு ஆஸ்பிரின் என்று பெயர் சூட்டினர். தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் உலகெங்கும் விழுங்கப்பட்ட அம்மாத்திரை எவ்வாறு வேலை செய்கிறது என்பது எழுபதாண்டுக் காலம் விளங்கவில்லை. 1971இல் ஜான் வேன் என்னும் ஆங்கில அறிஞர் அதனை விளக்கினார். 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

அவ்விளக்கத்தைச் சுருங்கச் சொல்வோம். இரத்தத் தட்டணுக்கள் குழாய்களைச் சுருக்கி இரத்தத்தை உறையச் செய்யும் ஒரு பொருளைச் சுரக்கின்றன. குழாயின் உட்சுவர் அதற்கு எதிராகக் குழாயை விரிக்கும் பொருளைச் சுரக்கிறது. முன்வலிப்பு நிலையில் இத்தராசு சுருக்கும் பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. சிறிய அளவு ஆஸ்பிரின் தட்டணுவின் சுரப்பை அடைத்துவிடும். தட்டணுவுக்கு உட்கரு இல்லையாதலால், இழந்ததை அது மீண்டும் ஆக்கிக்கொள்ள முடியாது. குழாயின் சுவரோ விரைவில் ஆக்கிக்கொள்ளும். எனவே பேரளவு செய்யாததைச் சிற்றளவு செய்கிறது.

1979இல், கருப்பக் காலத்தில் அடிக்கடி ஆஸ்பிரின் உண்ட பெண்களுக்கு முன்வலிப்பு நிலை குறைவாகக் காணப்பட்டதாக ஒரு செய்தி லான்செட் என்னும் மருத்துவ இதழில் வந்தது. 1985இல் பிரெஞ்சு மருத்துவர் போஃபில்ஸ் குழுவினர், ஏறத்தாழ நூறு பெண்களை இரு பிரிவாக்கி ஆய்ந்தனர். மருந்து பெறாத பிரிவில் அறுவர்க்கு நோய் தோன்றியது. ஆஸ்பிரினும் டைபிரிடமோலும் பெற்ற பிரிவில் ஒருவர்க்கும் தோன்றவில்லை. உலகம் மகிழ்ந்தது. ஆனால் 9,364 பெண்களைக் கொண்ட கிளாஸ்ப் என்னும் பேராய்வு 1994இல் வெளிவந்தபோது அம்மகிழ்ச்சி வாடியது. அதில் கண்ட குறைவு சிறியது, ஐயத்துக்கு இடமானது. பலர் இம்மாத்திரையைக் கைவிட்டனர்.

பிழை மருந்தில் மட்டுமா, கொடுத்த முறையிலுமா? ஆய்வுகளை ஒருங்கு சேர்த்துப் பார்த்தபோது, பதினாறு வாரத்துக்கு முன் தொடங்கியவர்க்கே பயன் மிகுதி என்பது தெளிந்தது. வாய்க்கால் தூரும் முன்னரே மண்வெட்டி எடுக்க வேண்டும் அன்றோ? இலண்டனில் கிப்ரோஸ் நிக்கோலைடஸ் தலைமையிலான குழுவினர், நோய்க்கு வாய்ப்பு மிகுந்த 1,776 பெண்களைத் தேர்ந்து, பதினொன்று முதல் பதினான்கு வாரத்துக்குள் தொடங்கி முப்பத்தாறாம் வாரம் வரை, இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தனர். முடிவு 2017இல் வெளிவந்தது. முப்பத்தேழு வாரத்துக்கு முன்னரே பிள்ளைப்பேற்றை வேண்டச்செய்யும் கடுமையான நோய், மருந்து பெறாதவரில் நூற்றுக்கு 4.3 ஆக இருந்தது, பெற்றவரில் 1.6 ஆயிற்று. நிறைமாதத்தில் தோன்றும் நோயை மருந்து குறைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்திய மண்ணும் இவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டது. பெலகாவியிலும் நாகபுரியிலும் வேறு ஐந்து நாடுகளிலும், முதன்முறை பேறு காணும் ஏறத்தாழ 12,000 பெண்களிடம் 81 மில்லிகிராம் ஆஸ்பிரினைச் சோதித்தனர். காலத்துக்கு முன் பிறத்தல் 13.1 விழுக்காட்டிலிருந்து 11.6 ஆகக் குறைந்தது என 2020இல் அறிவித்தனர். நோய்க்கு வாய்ப்பு மிகுந்த பெண்களுக்குச் சிற்றளவு ஆஸ்பிரின் தருமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2011இலேயே பரிந்துரைத்துள்ளது.

கேரளம் மற்றொரு வழியிலும் முன்னோடியாயிற்று. 2004 முதல் அங்குள்ள மகப்பேற்று மருத்துவர் கூட்டமைப்பு, அரசின் இசைவுடன், பேற்றில் தாய் இறந்த ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பெயர் நீக்கி ஆராய்கிறது. எவர்மீதும் பழி சுமத்துவது அதன் நோக்கமன்று. அடுத்த தாயைக் காப்பதே நோக்கம். இரத்தப்போக்கும் இரத்த அழுத்தமும் முதன்மைக் காரணங்கள் என்று அவ்வாராய்ச்சி எடுத்துக்காட்டியது. 2001 முதல் 2003 வரையான கணக்கில், ஒரு லட்சம் பிறப்புக்குக் கேரளத்தில் 110 தாய்மார் இறந்தனர். 2018 முதல் 2020 வரையான கணக்கில் அது 19 ஆகக் குறைந்தது. அக்காலத்தில் தமிழ்நாட்டில் 54. இந்தியா முழுமையிலும் 97. ஒரு மாத்திரையால் மட்டும் விளைந்ததன்று இக்குறைவு. அளத்தல், விரைந்து மருத்துவமனை சேர்தல், இரத்தம் கிடைத்தல், தவற்றிலிருந்து கற்றல் ஆகிய அனைத்தும் கூடிய பயன் அது.

இந்நோய்க்குச் சர்க்கரை நோயும் மிகை உடற்பருமனும் உடன்பிறப்புகள் போன்றவை. அவை உள்ள தாய்க்கு முன்வலிப்பு நிலை நேரும் வாய்ப்பு மிகுதி. கருவுற்ற பெண்கள் அனைவர்க்கும் சர்க்கரைச் சோதனை வேண்டும் என்று வாதாடிய சென்னை டாக்டர் வீ. சேஷையாவின் முயற்சியால், தமிழ்நாடு அரசு 2007இல் அதனை எல்லோர்க்கும் உரியதாக்கியது. 75 கிராம் குளுக்கோஸ் கலந்த நீரைப் பருகச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையை அளக்கும் எளிய சோதனை அது. மேலும் ஒன்று: பேறு முடிந்தவுடன் நோயின் கணக்கு முடிந்துவிடுவதில்லை. முன்வலிப்பு நிலை கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு, பிறரினும் ஏறத்தாழ இரு மடங்கு. குழந்தை நலமாகப் பிறந்ததும் தாயின் இரத்த அழுத்தத்தை மறந்துவிடும் நம் வழக்கம் மாற வேண்டும்.

இனி, தொடக்கத்தில் சொல்லாது விட்டதைச் சொல்வோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் மரபு. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் திருவனந்தபுரத்திலும் வாழும் நம் பெண்கள், ஏழாம் திங்களில் வளைகாப்பு முடிந்து அன்னை இல்லம் செல்கின்றனர். அன்பு நிறைந்த அம்மரபைக் குறைகூற நாம் துணியோம். ஆனால், ஊருக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், இச்சிறு மாத்திரையைத் தொடங்க வேண்டிய காலம் மூன்று திங்களுக்கு முன்பே கடந்து போயிருக்கும். வளைகாப்பு ஏழாம் திங்களில். மாத்திரையோ நான்காம் திங்கள் முடியுமுன். ஆகவே முதற் கடமை குடியேறிய ஊரில்தான் நிறைவேற வேண்டும். அண்டை வீட்டாரின் மொழி வேறாயினும், அங்குள்ள அரசு மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ கருவுற்றதை அறிந்தவுடன் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும்.

அங்கே மருத்துவர் கேட்பன சிலவே. முந்திய பேற்றில் இரத்த அழுத்தம் உயர்ந்ததா? கருவுறுமுன்னரே அழுத்தமோ, சர்க்கரையோ, சிறுநீரக நோயோ உண்டா? இரட்டைக் குழந்தையா? தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் வந்ததா? அயல்மொழியில் இவற்றுக்கு விடை சொல்லத் தடுமாறுவோர் பலர். முந்திய பேற்றின் மருத்துவச் சீட்டோ திருநெல்வேலியிலோ தஞ்சையிலோ மரப்பெட்டிக்குள் உறங்கும். அச்சீட்டை உடன் கொண்டு செல்லுங்கள். தாய்வீடு புறப்படும்போது இவ்வூர்ச் சீட்டையும் கொண்டு செல்லுங்கள். மாத்திரையை நிறுத்தும் நாளையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை ஒன்றும் கூறியாக வேண்டும். தலைவலி மாத்திரையைக் கடையில் வாங்கித் தாமாக விழுங்குதல் கூடாது. அதன் அளவு வேறு, இதன் அளவு வேறு. இரைப்பைப் புண், இரத்தம் எளிதில் ஒழுகும் நோய், ஆஸ்பிரினால் மூச்சிரைப்பு ஆகியவை உள்ளோர்க்கு இது ஆகாது. எல்லாக் கருவுற்ற பெண்டிர்க்கும் உரிய மருந்துமன்று. யார்க்கு, எவ்வளவு, எதுவரை என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மாத்திரை உண்பவரும் இரத்த அழுத்தத்தை அளந்து வருதல் இன்றியமையாதது. கடுந்தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் கை வீங்குதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும், அது பேறு முடிந்த பின் தோன்றினும், அன்றே மருத்துவமனை சேர்தல் வேண்டும்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் தைக்காட்டில் மேரி அம்மையார் தாய்மாரை எப்படியாவது மருத்துவமனைக்கு வரச்செய்ய முயன்றார். இன்று அவர்கள் வருகின்றனர். காலத்தோடு வரச்செய்வது நம் பொறுப்பாக எஞ்சி நிற்கிறது. அப்பொறுப்பை ஏற்க வேண்டியவர் கணவர், மாமியார், தொலைவிலிருந்து நாள்தோறும் நலம் கேட்கும் தாயார் ஆகிய அனைவருமே. ஊரிலிருந்து பேசும் அன்னை, "நன்றாகச் சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு, "இரத்த அழுத்தம் பார்த்தாயா?" என்றும் ஒரு சொல் கேட்பாராக.